சாம்பல் குதிரையின் லத்தி

ஹாலிஎல தேயிலைத் தோட்டத்துத் துரையின் சாம்பல் நிறப் பெண்குதிரை இளைத்துக்கொண்டே போனது. வயிற்றில் பூச்சியா என்று பார்க்க, அதன் சாணத்தை, லத்தியை, இரண்டு முறை பதுளை கால்நடை டாக்டருக்கு அனுப்பினார்கள். பூச்சி இல்லை, மருந்து வேண்டாம் என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பூச்சி இல்லாமல் ஏன் இளைக்கிறது என்று கணக்கப்பிள்ளை ரத்தினத்துக்குச் சந்தேகம். குதிரைக்காரன் வீரபுத்திரன் அதன் கொள்ளுத் தீனியைத் திருடுகிறான் என்று நினைத்தார்.

மூன்றாம் முறை லத்தி எடுக்கும் காலையில், லாயத்துக்குப் பின்னால் நின்று கவனித்தார். வீரபுத்திரன் பக்கத்துச் செவலைக் குதிரையின் லத்தியை அள்ளி டப்பாவில் போட்டான்.

"என்னடா பண்ற?"

அவன் திரும்பினான். "சாம்பலுக்குப் பூச்சி இருக்குங்க. தெரிஞ்சா துரை மருந்து ஊத்தச் சொல்லுவாரு."

"ஊத்தினா என்ன?"

"போன வருசம் அந்த மருந்தக் குடிச்ச குதிரைக்குக் கரு கலைஞ்சு போச்சுங்க. இது வயித்துலயும் குட்டி இருக்கு."

"துரைகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேங்க. வெறும் உப்பசம், குதிரைக்காரனுக்கு என்ன தெரியும்னு சிரிச்சாரு."

கணக்கப்பிள்ளை சாம்பலின் வயிற்றில் கை வைத்தார். உள்ளே ஏதோ உதைத்தது. வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை.

"எப்ப போடும்?"

"ரெண்டு மாசம் ஆகுங்க."

"போட்டதும் மருந்து ஊத்திரணும். அதுவரைக்கும் டாக்டர்கிட்ட செவலையோட டப்பாவ நானே கொண்டுபோறேன்" என்றார் கணக்கப்பிள்ளை.