படத்தின் ஓரம்

பல வருடங்களாகப் பறவைகளைப் படமெடுத்துவந்த சுகிர்தா, புதுக் கேமரா வாங்க வந்த இடத்தில் முடிவெடுக்க முடியாமல் நின்றாள். சின்ன சென்சார் கொண்ட, பழகிய கிராப் கேமராவா, பெரிய சென்சார் கொண்ட, ஆசைப்பட்ட ஃபுல் ஃபிரேமா? கடைக்காரர் ஜாபர் இரண்டையும் எடுத்துக்கொண்டு அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். "ஒங்க லென்ஸையே ரெண்டுலயும் மாட்டிப் பாருங்கம்மா. நான் சொல்றதவிட அது நல்லாச் சொல்லும்."

எதிரே செல்போன் கோபுரத்தில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. கிராப்பில் பார்த்தபோது அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அலகின் வளைவும், காற்றில் பிரியும் கழுத்து இறகும்கூடத் தெரிந்தன. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தபடியே லென்ஸைக் கழற்றி ஃபுல் ஃபிரேமில் மாட்டினாள். பருந்து சிறுத்துப்போனது. சுற்றிலும் வெறும் வானம்.

"இவ்வளவு தள்ளிப் போயிருச்சே, பாய்."

சொல்லி முடிப்பதற்குள், அந்த வெறும் வானத்தின் இடது ஓரத்திலிருந்து இன்னொரு பருந்து நுழைந்தது. அதன் காலில் ஒரு காய்ந்த குச்சி. உட்கார்ந்திருந்த பருந்து எழுந்து சிறகை விரித்தது. கூடு கட்டுகின்றன! சுகிர்தாவின் விரல் தானாக அழுந்தியது.

"எதைம்மா பேக் பண்ணட்டும்?" என்று ஜாபர் கையை நீட்டினார்.

கேமராவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க பாய்," என்றாள், கண்ணை எடுக்காமல். "ஓரத்துல மூணாவதா ஒண்ணு வருது."