ராவுத்தர் காத்த ரகசியம்

"நானும் வாரேன்" என்று நாகம்மை சொன்னதும் அழகுசுந்தரம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"துக்க வீடு. வெயில் வேற. நீ எதுக்கு?" என்று இழுத்தார். அவள் அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

இறந்துபோனவர் அமீர் ஹம்சா ராவுத்தர். செக்காலையில் பில்லியர்ட்ஸ் கிளப் வைத்திருந்தவர். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில், ரங்கூனிலிருந்து வந்திறங்கி, ஆடுவாரில்லாமல் மேலே வற்றல் காயப்போட்டுக் கிடந்த பில்லியர்ட்ஸ் மேஜையை விலைக்கு வாங்கி வந்து ஓட்டுக் கொட்டகைக்குள் போட்டார். காரைக்குடி ஆம்பளைகளுக்குப் பச்சைத் துணியில் பந்து உருட்டக் கற்றுக்கொடுத்த புண்ணியவான்.

அழகுசுந்தரமும் அங்கே போய் ஆடுகிற சங்கதி நாகம்மைக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அவளைப் பெற்றவர் சீட்டாடியே வயலைத் தொலைத்தவர். கல்யாணமான புதிதிலேயே கொப்புடையம்மன் சந்நிதியில் வைத்து அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஆட்டம் கீட்டம்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே பொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

சொன்னால் செய்கிறவள். அதனால் அழகுசுந்தரமும் கொஞ்ச காலம் ஆபீஸ் விட்டால் வீடு என்று ஒழுங்காகத்தான் இருந்தார். புளி ஏன் இத்தனை, விறகு ஏன் இத்தனை என்று அடுக்களை வாசலில் நின்று விசாரணை நடத்தியே பொழுதைப் போக்கினார். ராவுத்தர் கிளப் திறந்தபிறகுதான் அவருக்குத் திடீரென்று பக்தி முற்றியது. சாயந்தரமானால் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ராவுத்தர் லேசுப்பட்டவரா? கொட்டகைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தகரடப்பாவில் விபூதி வைத்திருந்தார். ஆட்டம் முடிந்து போகிறவர்கள் அதில் கைவிட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு சிவப்பழமாக வீடு போய்ச் சேருவார்கள். ராவுத்தர் எந்தக் கோயில் வாசலையும் மிதித்தவரில்லை. ஆனாலும் டப்பாவில் விபூதி குறைந்த நாள் கிடையாது. பிள்ளையார்பட்டி விபூதி, மணம் சும்மா கும்மென்று இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

மற்றபடி ராவுத்தர் கண்டிப்பான ஆள். காசு வைத்து ஆடினால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிடுவார். மணி எட்டு அடித்ததும், "சோறு ஆறிப்போகும், கெளம்புங்க" என்று விளக்கை அணைத்துவிடுவார். கெஞ்சினாலும் மசிய மாட்டார்.

நாகம்மையோ, இவர் கிளம்பக் கொஞ்சம் தாமதித்தால்கூட, "கோயிலுக்கு நேரமாகலையா?" என்று கேட்பாள். மழை பெய்தால் குடையை எடுத்து நீட்டுவாள். இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று சில நாள் அவருக்கு மனசு உறுத்தும். உறுத்தலோடேயே போய் ஆடிவிட்டு வருவார்.

அந்த வெள்ளந்திதான் இப்போது ராவுத்தர் வீட்டை நோக்கி முன்னால் விடுவிடுவென்று நடந்துகொண்டிருந்தாள். ராவுத்தரை எப்படிப் பழக்கம் என்று கேட்டால் சொல்வதற்கு, கோயிலுக்குப் போகிற வழியில் பழக்கம் என்று ஒரு பதிலை அழகுசுந்தரம் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை.

ராவுத்தர் வீட்டு வாசலில் பந்தல். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே பெஞ்சில். பாத்திரக்கடை சோணையும் பஸ் கம்பெனி மாயக்கண்ணனும் ஏற்கெனவே அங்கே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் கிளப்பில் அவருக்குக் கூட்டாளிகள்.

"எம் பொண்டாட்டியும் உள்ள இருக்கா" என்று சோணை காதைக் கடித்தார். மாயக்கண்ணன் தன் வீட்டிலிருந்தும் வந்தாயிற்று என்று கையை விரித்தார்.

அழகுசுந்தரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ராவுத்தர் சம்சாரம் பாத்திமுத்துவுக்கு எல்லாம் தெரியும். தினமும் கிளப்புக்குத் தேத்தண்ணீர் போட்டு அனுப்பியவளே அவள்தான். "உங்க வீட்டுக்காரர் அன்னாடம் வருவாகளே" என்று ஒரு வார்த்தை வாய்தவறிச் சொன்னாலும் போதும், குடும்பம் கோவிந்தா.

ராவுத்தர் மேல் அவருக்கு நிஜமான பிரியம். அந்த அதட்டலை இனிமேல் கேட்க முடியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆனால் நிம்மதியாக அழ முடிந்தால்தானே? காது முழுக்க ஜன்னல் பக்கம் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பிள்ளையாரை மனசார வேண்டிக்கொண்டார்.

உள்ளே அழுகை கொஞ்சம் அடங்கியது. பாத்திமுத்துவின் குரல் தெளிவாகவே வந்தது.

"மவுத்தாகுறதுக்கு முந்தின நாள்கூட கிளப்புப் பேச்சுத்தான் பேசிக்கிட்டிருந்தாக. ஒங்க வீட்டுக்காரவுக மூணு பேரையும் ஆட்டத்துல அடிச்சுக்க ஆளே இல்லைன்னு அம்புட்டுப் பெருமை அவுகளுக்கு. ஹ்ம், இனிமே கிளப்பை மூட வேண்டியதுதான்."

அழகுசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். சோணை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

திடீரென்று நாகம்மை ஓவென்று அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி அழுது அவர் கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கப்போகிறாள், இனிச் சமாதானம் பேசிப் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

நாகம்மை மூக்கைச் சிந்திக்கொண்டே பாத்திமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடிப்புடாதீக மதினி. விபூதியை எப்பவும்போல நாங்களே குடுத்தனுப்புறோம். இவுகளை நாங்க வேற எங்க கொண்டுபோய் விடுறது?"