கொக்கு அண்ட் கோ

எருமையின் முதுகில் தினமும் உண்ணி பொறுக்கும் கொக்குக்கு ஒருநாள் சிறகு முறிந்தது. வைத்தியச் செலவு கேட்டதும் எருமையின் பேச்சில் திடீர் மரியாதை.

"நீங்க என்ன என் வேலையாளா? தனிக் கம்பெனி ஆச்சே! மாசாமாசம் 'கொக்கு அண்ட் கோ'ன்னு பில் தர்றீங்க. வைத்தியம், வரி எல்லாம் உங்க பாடு."

அப்படிப் பில் போடச் சொன்னதே இந்த எருமைதான்.

சிறகு கூடியதும் ஒருநாள் காலை கொக்கு பக்கத்து வயல் பசுவின் முதுகில் போய் உட்கார்ந்தது.

"டேய்! யாரைக் கேட்டுப் போனே?" எருமை சீறியது. "ஒன்பதுலேர்ந்து ஆறு வரைக்கும் என் முதுகை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? அரைநாள் சம்பளம் கட்!"

"சம்பளமா?" பசுவின் முதுகிலிருந்தே கத்தியது கொக்கு. "வாங்க, இதை அப்படியே வரி ஆபீஸ்ல வந்து சொல்லுங்க!"