அடுப்படி ஜன்னல்

வந்தவர்கள் காப்பியைத் தொடவில்லை.

இரண்டு வெள்ளி டம்ளர்களும் மேஜைமேல் வைத்தபடியே ஆறிக்கொண்டிருந்தன. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது மாப்பிள்ளையின் அம்மா பரிபூரணத்துக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் அவள் கண் அந்த டம்ளர்களையே சுற்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நாற்காலியில் சாய்ந்து பஞ்சு விலை பேசிக்கொண்டிருந்தார். அம்மா இசக்கியம்மாள்தான் உட்காரவே இல்லை.

நல்ல உயரமான மனுஷி. புது வீட்டை அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் தோளுக்குக்கூட எட்டாத பரிபூரணம் பின்னாலேயே ஓடினாள்.

பூப்போட்ட தரைக்கல்லில் இசக்கியம்மாள் ஒரு நிமிஷம் நின்றாள். அது தளவாய்புரத்தில் ஒரு பெண் வீட்டில் பரிபூரணம் பார்த்து வைத்தது. வர்ணக் கண்ணாடிக் கதவு சேத்தூர்ப் பெண் வீட்டினுடையது. சுவருக்குள் புதைத்த அலமாரி வத்திராயிருப்பு.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து, மகன் காளிராஜுக்குப் பெண் பார்க்கிறேன் என்று பரிபூரணம் ஏறி இறங்காத வீடில்லை. போன இடத்தில் பெண்ணை ஒரு பார்வை, உத்தரத்தை ஒன்பது பார்வை. சேவு தின்று காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து வருவாள்.

மறுநாள் கொத்தனாருக்குத்தான் சொல்லி அனுப்புவாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. பரிபூரணம் கதவை எடுத்துக்கொண்டு பெண்ணை விட்டுவிடுவாள் என்று சந்தை வரைக்கும் பேச்சு.

கடைசியாகப் போனது இசக்கியம்மாள் வீட்டுக்கு. சாணி மெழுகிய தரை, நாட்டு ஓடு. வாய்பிளந்து பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் கூட வந்த காளிராஜ் அந்த வீட்டுப் பெண் வெள்ளத்தாயைப் பார்த்தான். உயரம் கூடுதல் என்று நாலு வீட்டார் தட்டிக் கழித்த பெண். வீடு திரும்பியவன் ராத்திரி சோறு வேண்டாம் என்றான். கட்டினால் அவளைத்தான், இல்லாவிட்டால் இந்த அரண்மனையில் அம்மா ஒருத்தியாக இருந்துகொள்ளட்டும் என்றுவிட்டான்.

இசக்கியம்மாள் அடுப்படிக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

அடுப்புக்கு நேரே ஒரு ஜன்னல்.

வேறு வீடுகளில் அந்த இடத்தில் கரிச்சுவர்தான் இருக்கும். முப்பது வருஷமாகப் பரிபூரணம் பார்த்துச் சமைத்ததும் அதைத்தான். வெள்ளத்தாய் மட்டும் அவள் வீட்டில் அப்படி ஒரு ஜன்னல் முன்னால் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே குழம்பைக் கிண்டியதை அன்றைக்கு அவள் பார்த்திருந்தாள்.

"இது எங்க வீட்டு ஜன்னல்லா?"

இசக்கியம்மாள் திரும்பிப் பரிபூரணத்தைப் பார்த்தாள். அவள் நினைப்பு முகத்திலேயே தெரிந்தது. இவர்கள் வீட்டிலும் எடுக்க வேண்டியதை எடுத்தாயிற்று. இனி பெண் எதற்கு.

அது பரிபூரணத்துக்குப் புரிந்தது. இந்தப் பெண் கை நழுவினால் மகன் முகத்தில் எப்படி முழிப்பது. தான் செய்துவைத்திருக்கும் வேலைக்கு, இனி என்ன சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை.

அவள் மணைப்பலகையை இழுத்துப் போட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் கண்ணுக்கு நேரே வெறும் சுவர். ஜன்னல் அவள் நெற்றிக்கு மேலேதான் தொடங்கியது. கழுத்தை எக்கிப் பார்த்தும் கொஞ்சம் வானம்தான் தெரிந்தது.

இசக்கியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பரிபூரணம் எழுந்து பலகையைக் கை காட்டினாள். இசக்கியம்மாள் தயங்கி உட்கார்ந்தாள். அவள் உயரம்தான் அவள் மகளுக்கும்.

எதிரே தெரு முழுசாகத் தெரிந்தது. அவர்கள் வந்த வண்டி, அவிழ்த்துவிட்ட மாடு, அது மெல்லும் வைக்கோல் வரைக்கும்.

கொஞ்ச நேரம் அவள் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி ஆறிருக்கும், மதினி. செத்த சுட வச்சுத் தாங்க."