கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று அம்மா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இன்று அதை நேரில் பார்க்க வந்திருந்தாள். மனித நடத்தையை ஆராயும் கூடம் அது. பேராசிரியை அவளை ஓர் இருட்டறையில், கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தார்.

“அங்கேயிருந்து பார்த்தா நாம தெரிய மாட்டோம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகனும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் இருவரும் சேர்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். மகன் சிவப்புக்கு அழுத்தினான். மறுபடியும் சிவப்புக்கே அழுத்தினான்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று அந்தப் பெண் எரிந்து விழுந்தது ஸ்பீக்கரில் கேட்டது.

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. “மேடம், வீட்டுல இப்படி இல்ல. வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க.”

“உங்க பையனைத் தூக்கிட்டு இவரை மாதிரி ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்? கேமரா எல்லாம் யாரைப் பார்க்குதுன்னு பாருங்க.”

எல்லாமே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தன.

“கூட இருக்கறவர் சொதப்பினா மனுஷங்க எவ்வளவு நேரம் பொறுத்துக்கறாங்கன்னு ஆராயறோம். சோதனை அந்தப் பொண்ணுக்கு. சொதப்பறதுதான் உங்க பையனுக்கு வேலை. அது நடிப்புன்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல.”

“பெத்த நானே கண்டுபிடிக்கலையே.”

அம்மா நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே சிவப்பு எரிந்தது. மகன் அழுத்தினான்.

“பாருங்க மேடம், என்னமா சொதப்பறான்.”