பின்னால் எத்தனை பேர்?

"மறுபடியும் ரெண்டு விரலைக் காட்டினே, சர்டிபிகேட் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்," என்றார் ரைமோ, தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டியபடி.

டாம்சின் தலையாட்டினாள். இது மூன்றாவது முறை. பனிவண்டிப் பாதுகாப்புத் தேர்வில் வேறு எதிலும் அவளுக்குக் குறையில்லை. எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது. ஏரி எத்தனை அங்குலம் உறைந்திருந்தால் வண்டியை இறக்கலாம், உடைந்து உள்ளே விழுந்தால் எப்படிக் கரையேறுவது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். கோளாறு விரலில்தான்.

"வேணும்னேவா பண்றேன்? அதுவா வருது."

"அது எனக்குத் தெரியும். எதிர்ல வர்றவனுக்குத் தெரியுமா? முன்னாடி போறவங்க, பின்னாடி எத்தனை வண்டி வருதுன்னு விரல்ல காட்டணும். கடைசி ஆளு முஷ்டியை மடக்கிக் காட்டணும், என்னோட முடிஞ்சுதுன்னு. நீ ஒண்ணைப் போய் ரெண்டுன்னு காட்டினா, வராத வண்டிக்காக அவன் பாதை ஓரமா நின்னு விறைச்சுப் போவான். போன வாரம் அந்த டீச்சரம்மா நின்னாங்களே! மூக்கு பீட்ரூட் மாதிரி ஆகி வந்து, என்னையில்ல பிடிச்சு வாங்கினாங்க."

டாம்சினுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"திங்கக்கிழமை நான் வேலைல சேரணும்," என்றாள். "ஏரிக்கு அந்தப் பக்கம் பதினோரு வீட்டுக்கும் ஒரே நர்ஸ். சர்டிபிகேட் இல்லாம வராதேன்னுட்டாங்க. இன்னிக்கும் போச்சுன்னா அடுத்த தேர்வு அடுத்த குளிர்காலம். எல்னாவைக் கூட்டிக்கிட்டு டெட்ராய்ட்ல எங்க அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

எல்னா அவளுடைய பெண். அந்தப் பெயரைக் கேட்டதும் ரைமோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க நான் தேர்வாளர். வேற யாரும் இல்ல. வண்டியை எடு."

முன்னால் அவள், பின்னால் அவர். இரண்டே வண்டிகள்.

ஊசியிலைக் காட்டைத் தாண்டியதும் ஏரி திறந்தது. வானம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மதிய வெயில் பாலில் கரைந்த மஞ்சள் போல மேலே எங்கோ கிடந்தது. பூம்பனி விழுந்துகொண்டிருந்தது, விழுகிறதா, மேலே போகிறதா என்றுகூடச் சொல்ல முடியாத மெதுமை. வண்டியின் உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து, யாரோ பக்கத்து அறையில் தாலாட்டு முனகுவதுபோல ஆகிவிட்டது.

முன்பெல்லாம் இந்த வெண்மையில்தான் மூவருமாகப் போவார்கள். முன்னால் அவள், நடுவில் எல்னா, கடைசியில் அவள் கணவன் வெய்க்கோ. திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. முதுகில் இளஞ்சூடு போல அவன் வந்துகொண்டே இருப்பான். போன மார்ச்சில், ஓடை வந்து சேருகிற இடத்தில், பனிக்கட்டி உடைந்து வெய்க்கோ போய்விட்டான். ஊருக்கெல்லாம் தெரிந்த அந்தச் சேதி அவள் இடக்கைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

வெண்மைக்குள் ஒரு விளக்கு முளைத்தது. எதிரே ஒரு வண்டி. ஆரஞ்சுச் சட்டை. பனிவண்டிக் கிளப்பின் செயலாளர் டுவேன்தான்.

டாம்சின் கையைத் தூக்கினாள். இரண்டு விரல்களும் விழித்துக்கொண்டன. 'ஒண்ணு,' என்று வாய்விட்டுச் சொன்னாள். 'ஒண்ணுதான் வருது.' நடுவிரலை மடக்கினாள். தலைக்கவசக் கண்ணாடிக்குள்ளே கண் கலங்கிவிட்டது. யாரையோ வழியில் இறக்கிவிட்டுவிட்டு வருவதுபோல இருந்தது.

டுவேன் தலையசைத்துக் கடந்து போனான்.

மீதித் தேர்வையும் முடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, கிளப் கொட்டகையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ரைமோ சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். பேனாவை மூடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"தேறிட்டே. கஷ்டமா இருந்துச்சா?"

"ம்."

"பழகிடும்," என்றார். "எண்ணிக்கைன்னா எண்ணிக்கைதான். அதுல மனசைக் கலக்கக் கூடாது. காபி குடி."

காபி பாதி குடிக்கும்போது கதவு படாரென்று திறந்தது. புருவமெல்லாம் உறைபனி படிந்து, மீசையில் குச்சி குச்சியாகத் தொங்க, டுவேன் உள்ளே வந்தான்.

"யாருங்க அந்த மூணாவது ஆளு? முக்கால் மணி நேரம் பாதை ஓரமா நின்னேன். எங்கயாவது கவுந்து கிடக்கானோன்னு ஏரியைச் சுத்தித் தேடிட்டும் வந்துட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல!"

டாம்சின் சான்றிதழின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"நான் ஒண்ணுதானே காட்டினேன், டுவேன்?"

"நீ சரியாத்தாம்மா காட்டினே. இந்த மனுஷன்தான்! கடைசியா வர்றவரு, முஷ்டியை மடக்காம, ஒரு விரலை ஜம்முன்னு தூக்கிக் காட்டிட்டுப் போறாரு!"

ரைமோ தன் இடக்கையைப் பார்த்தார். யாருடைய கையோ போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டாம்சின் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க, மாமா," என்றாள். "உங்க பிள்ளை எப்பவும் உங்களுக்குப் பின்னாடிதானே வருவாரு."