வெடிப்பு வழியாக

அவன் பிளேடை வைத்தான். வேர்முடிச்சு இரண்டாகப் பிளந்தது.

உள்ளே சிவப்பு.

மிளகை விடச் சின்னது. நிலக்கடலை வேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அறுத்தால் சமைக்காத இறைச்சியின் நிறம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடமாகச் சீவிச் சீவிக் கண்ணாடியில் ஏற்றியவன் அவன். இன்று புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை நடுங்கியது.

மாத்திரையின் வேலை. போன தையில் சிறுநீரகம் மாற்றியதிலிருந்து இப்படித்தான். அடுத்தவர் உறுப்பை உடம்பு அடித்துத் துரத்தாமலிருக்க, உடம்பின் காவலைத் தூங்க வைக்க வேண்டும். காவல் தூங்கினால் கண்ட நோயும் நுழையும். மண்ணைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உறுப்பைக் கொடுத்தவன் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

குணாளன். மனைவியின் தம்பி. மாணவர்களின் செய்முறை வகுப்புக்காகத் தன் கொல்லையிலிருந்து செடி பிடுங்கி வந்திருந்தான்.

"இன்னா மாமா, என் காளைக்குத் தண்ணி காட்டினியா?"

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் கட்டளை. கொடுத்த சிறுநீரகத்தைக் காளை என்பான் குணாளன்; எப்போது வந்தாலும் முதல் கேள்வி இதுதான்.

"காட்டினன்."

"முட்டுதா?"

"போடா மச்சான்."

குணாளன் சிரித்தான். எழுந்து வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான்.

ஓரத்தில் காலி அறைகள். நடுவில் ஒவ்வோர் அறையும் பிதுங்கப் பிதுங்க நிறைந்திருந்தது.

"எங்க மல்லாட்ட வேருக்குள்ளயா இம்மாம் பேரு? யாரு வூடு மாமா இது?"

"செடியோடது."

"குந்திகினு இருக்கறது?"

"மண்ணுல கெடந்த பாக்டீரியா. காத்துலேர்ந்து செடிக்குச் சத்து புடிச்சுக் குடுக்குது."

"அத எப்பிடி உள்ள வுட்டுச்சு?"

அவன் பிளேடைத் துடைத்து வைத்தான்.

வேருக்குக் கதவு கிடையாது. கிளைவேர் முட்டிக்கொண்டு வெளியே வரும் இடத்தில் தாய்வேரின் தோல் வெடிக்கும். நிலக்கடலையில் அந்த வெடிப்புதான் வழி. வந்ததைச் செடி துரத்துவதில்லை. ஒவ்வொன்றின் மேலும் தன் சவ்வையே போர்த்தித் தன் செல்லுக்குள் இடம் கொடுக்கும். மூச்சுக்கு வேண்டிய காற்றை அளந்து ஊட்டும். அளந்து ஊட்டுவதற்காகத்தான் அந்தச் சிவப்பு. நம் ரத்தச் சிவப்புக்கு உறவுமுறை.

செடிக்கு மாத்திரையும் கிடையாது.

"வெடிப்பு வழியா" என்றான்.

குணாளன் விலாப்பக்கத்துத் தழும்பைச் சட்டையோடு சேர்த்துச் சொறிந்துகொண்டான்.

ஏழெட்டு வருடம் இருக்கும். வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குணாளன் அக்காள் வீட்டுக்கு வந்தான். என் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னது அக்காள் புருஷனான இவன்தான். அக்காள் அழுதாள். குணாளன் வந்த வழியே திரும்பினான். அதற்குப் பிறகு படியை மிதிக்கவே இல்லை. ஆபரேஷன் முடிந்து இவன் வீட்டில் கிடந்தபோதும், தெருவில் நின்றபடியே அக்காளிடம் விசாரித்துவிட்டுப் போனான்.

சொன்னவன்தான் சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும். ஊர் வழக்கம் அப்படி.

அவன் எடுக்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறதுதான். மைக் பிடித்தவர்கள் சொல்வது. வீட்டு மனுஷரிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்த சீவலுக்காக மேசையிலிருந்த செடிகளில் ஒன்றை எடுத்தான்.

வேரில் ஒரு பொட்டு மண் இல்லை.

வேரைக் கழுவுவது சுலபமில்லை. மாணவர்கள் குழாயடியில் காட்டினால் முடிச்சில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். இதில் கிளைவேரின் கவட்டுக்குக் கவட்டு முடிச்சுகள் அப்படியே இருந்தன.

"யாரு கழுவுனது?"

"எஸ்தர்தான். உனக்கு மண்ணு ஆவாதாமே. அண்டாவுல ஊறப்போட்டு ஒண்ணொண்ணா அலசிக்கினு இருந்தா. நான் தொட்டா கையிலயே அடிக்கறா."

குணாளனின் மனைவி. அந்தப் பெயரை அவன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அவள் சம்மதிக்காமல் மருத்துவமனையில் யாரும் கத்தியைத் தொட்டிருக்க மாட்டார்கள். கொடுப்பவனின் மனைவியிடமும் கேட்பார்கள். கேட்டார்கள். சரி என்றாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"எங்க அது?"

"வெளிய, புங்கமரத்தாண்ட. வண்டியப் பாத்துக்கினு நிக்கிது."

"உள்ள கூப்புட வேண்டியதுதான?"

குணாளன் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நானா கூப்புடணும்?"

அவன் எழுந்தான். கையைக் கழுவினான். வெகுநேரம் துடைத்தான்.

படியிறங்கும்போது, இருவரையும் வீட்டுக்குக் கூப்பிடும் வார்த்தைகளை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தான். பெரிய பேச்சில்லை. நாலைந்து வார்த்தை. கிட்டே போய், தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டால் போதும்.

சாலைக்கு அந்தப் பக்கம் வண்டியில் சாய்ந்திருந்தவள் அவனைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

சட்டென்று முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நகர்ந்தாள்.

பயப்படுகிறாள் என்று நினைத்தான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தான்.

அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அண்ணே, கிட்ட வந்துடாதீங்க! எனக்குச் சளி புடிச்சிருக்குது. உங்களுக்கு ஒட்டிக்கும்."

அவன் நின்றான்.

இடையில் ஒரு தார்ச்சாலை கிடந்தது. வகுப்பு விட்ட மாணவர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ பேருந்துக்காக ஓடினார்கள். முணுமுணுத்தால் கேட்காது.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும், அவன் கத்தினான்.